பல் துலக்கும்போது ஓங்கரிப்பது நோயா? தொண்டையைத் தொட்டும் ஓங்கரிக்காவிட்டால் ஆபத்தா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். உங்களுக்குப் பிரஷ் கடைவாய்ப் பக்கம் போனாலே ஓங்கரிக்கிறது. பல் டாக்டர் அச்செடுக்கும் தட்டைக் கையில் எடுத்ததுமே தொண்டை இறுகிவிடுகிறது. பக்கவாதம் வந்து வீடு திரும்பியிருக்கும் உங்கள் அப்பாவுக்கோ, டாக்டர் குச்சியால் தொண்டையைத் தொட்டுப் பார்த்தும் ஓங்கரிப்பே வரவில்லை. இருவரில் யாருக்குக் கோளாறு என்கிறீர்கள்.

ஓங்கரிப்பு அதிகமாக இருப்பதை வைத்து உங்களுக்கு நோய் என்று சொல்ல முடியாது. அது வராததை மட்டும் வைத்து அப்பாவுக்கு ஆபத்து என்றும் சொல்ல முடியாது. ஆனால் அப்பாவின் விஷயத்தில் சோதிக்க வேண்டிய வேறு சில உண்டு. விழுங்குவதில் சிரமப்படுகிறவர்களோடு வேலை செய்பவள் நான். ஓங்கரிப்பு வந்துவிட்டது என்ற தைரியத்தில் நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பிறகு நிமோனியாவோடு தூக்கிக்கொண்டு ஓடிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தொண்டையில் நடப்பது என்ன என்று பார்ப்போம். கொரோனா காலத்தில் தொண்டைக்குள் குச்சி விட்டு மாதிரி எடுத்தது பலருக்கும் நினைவிருக்கும். குச்சி பட்ட அந்த இடங்கள்தான் ஓங்கரிப்பைக் கிளப்பும் இடங்கள்: நாக்கின் அடிப்பகுதி, டான்சிலுக்கு முன்னும் பின்னும் வளைந்து இறங்கும் சதை மடிப்புகள், உள்நாக்கும் அது தொங்கும் மெல்லண்ணமும், தொண்டையின் பின்சுவர். எல்லாருக்கும் எல்லா இடமும் ஒரே அளவு கூர்மையாக இருப்பதில்லை. சிலருக்குப் பின்சுவரைத் தொட்டால்தான் வரும். சிலருக்கு நாக்கின் நடுப்பகுதியைத் தாண்டினாலே வந்துவிடும்.

அந்தத் தொடுதலை மூளைக்கு எடுத்துச் செல்வது முக்கியமாக 9வது கபால நரம்பு, அதாவது மூளையோடு நேரடியாக இணைந்த நரம்புகளில் ஒன்று. நாத்தொண்டை நரம்பு என்பார்கள். நாக்கின் பின் மூன்றில் ஒரு பங்கின் சுவையையும் தொடு உணர்வையும் சேர்த்துச் சுமப்பது அதுதான். மெல்லண்ணத்தின் உணர்வில் 5வது நரம்பான முக்கிளை நரம்புக்கும் பங்கு உண்டு. செய்தி போய்ச் சேரும் இடம் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளம். அங்கிருந்து பதில் கட்டளை 10வது நரம்பான வேகஸ் வழியாகத் திரும்பி வருகிறது. மெல்லண்ணம் சட்டென்று மேலெழுந்து மூக்குப் பாதையை அடைக்கிறது. தொண்டைச் சுவரின் இறுக்குத் தசைகள் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. குரல்வளை மேலேறி, குரல் நாண்கள் மூடிக்கொள்கின்றன. ஒரு கணம் மூச்சு நிற்கிறது. ஒரு பக்கம் மட்டும் தொட்டாலும் இரு பக்கமும் சுருங்கும் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓங்கரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வருவதும், வாய் ஊறுவதும், வியர்ப்பதும், சிலருக்குத் தலை சுற்றி நாடி குறைவதும் ஏன்? எச்சில், கண்ணீர், இதயத் துடிப்பு, வாந்தி ஆகியவற்றை ஆளும் நரம்புத் தொகுதிகள் எல்லாம் மூளைத்தண்டில் ஒரே சந்தில் அடுத்தடுத்த வீடுகளாக இருக்கின்றன. ஒரு வீட்டில் எழும் கூச்சல் பக்கத்து வீடுகளையும் எழுப்பிவிடுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஓங்கரிப்பு, வாந்தி, புரையேறி இருமுவது, விழுங்குவது ஆகிய நான்கையும் மக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஓங்கரிப்பு தொண்டையோடு முடிகிற வேலை. வாந்தி அப்படியல்ல: உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து இரைப்பையைப் பிழிய, உணவுக்குழாயின் கீழ்வாய் தளர்ந்து வழிவிட, உள்ளே இருப்பது மேலே வருகிறது. வாந்தியைக் கிளப்பத் தொண்டையைத் தொட வேண்டியதே இல்லை. ரத்தத்தில் கலந்த மருந்தோ, காதின் சமநிலை உறுப்போ, குடலோ போதும். தொண்டையைத் தொடர்ந்து தூண்டினால் ஓங்கரிப்பு வாந்தியாக மாறும் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள உறவு.

இருமல் இன்னும் கீழே, குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் பிறக்கிறது. அந்த உணர்வைச் சுமப்பவை வேகஸின் கிளைகள். சாப்பிடும்போது ஒரு பருக்கையோ ஒரு வாய்த் தண்ணீரோ தவறான பாதையில் இறங்கினால் நமக்குப் புரையேறுகிறது, ஓங்கரிப்பதில்லை. நுரையீரலுக்குக் காவல் நிற்பது பெரும்பாலும் இந்த இருமலும், விழுங்கும் நேரத்தில் குரல்வளை தானாக மூடிக்கொள்வதும்தான். ஓங்கரிப்பு அந்தக் காவலில் ஒரு துணை ஆள் மட்டுமே.

அடுத்தது விழுங்குதல். நீங்கள் சாப்பிடும் ஒவ்வொரு கவளமும் ஓங்கரிப்பைக் கிளப்பும் அதே இடங்களை உரசிக்கொண்டுதான் போகிறது. இட்லித் துண்டு அண்ணத்தையும் நாக்கடியையும் பின்சுவரையும் தொட்டும் ஓங்கரிப்பு வருவதில்லை. காரணம், விழுங்கும் கட்டளை தொடங்கிவிட்டால் முகுளம் ஓங்கரிப்பை அடக்கிவிடுகிறது. இரண்டுமே ஏறத்தாழ அதே தசைகளைப் பயன்படுத்துகின்றன. ஒன்று உள்ளே தள்ளுகிறது, மற்றது வெளியே தள்ளுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓட முடியாது. மூக்கு வழியாக இரைப்பைக்கு ரைல்ஸ் டியூப் என்ற குழாய் போடும்போது நர்ஸ் “முழுங்குங்க, முழுங்குங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான். கேமராக் குழாயை வாய் வழியாக உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியிலும் அதே சொல்தான் கேட்கும். நோயாளி ஒரு தடவை விழுங்கிவிட்டால் குழாய் ஓங்கரிப்பைத் தாண்டி உணவுக்குழாய்க்குள் இறங்கிவிடும். எண்டோஸ்கோப்பிக்கு முன் தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே அடிப்பார்கள். அந்த மரப்பு முழுதாகத் தெளியும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதை மட்டும் தவறாமல் கடைப்பிடியுங்கள். அந்த நேரத்தில் புரையேறினாலும் தொண்டைக்குத் தெரியாது.

இனி உங்கள் பிரஷ். ஓங்கரிப்பு அனிச்சைச் செயல்தான் என்றாலும், முழங்காலைத் தட்டினால் கால் உதறுவதைப் போல மனதுக்கு அப்பாற்பட்டதல்ல. மேல்மூளை அதை எழுப்பவும் முடியும், அடக்கவும் முடியும். தட்டு வாய்க்குள் வரும் முன்பே, அதைப் பார்த்ததுமே உங்களுக்குத் தொண்டை இறுகுவது அதனால்தான். முன்பு ஒருமுறை மூச்சு முட்டிய அனுபவம், அச்செடுக்கும் மாவின் வாசனை, நாற்காலி சாய்வது எல்லாம் சேர்ந்து பழக்கப்பட்ட தூண்டுதலாகிவிட்டன. இது கோழைத்தனமோ பாசாங்கோ இல்லை. உங்களைக் கடிந்துகொள்ளும் பல் மருத்துவரை விட்டுவிட்டு, பொறுமையாகச் செய்யும் இன்னொருவரைத் தேடிப் போவதில் தவறே இல்லை.

காலையில் அதிகமாக இருப்பதற்கும் காரணங்கள் உண்டு. இரவெல்லாம் மூக்கின் பின்பக்கமாக இறங்கிய சளி தொண்டையில் கட்டியிருக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அமிலம் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கி வைத்திருக்கும். புகை பிடிப்பவர்களுக்கும், முந்தின இரவு குடித்தவர்களுக்கும், கருவுற்ற பெண்களுக்கும் கூர்மை கூடும். பற்பசையின் நுரை தொண்டைப் பக்கம் ஒழுகினாலே போதும். அதனால் பசையைக் குறையுங்கள், சிறிய தலையுள்ள பிரஷ் வாங்குங்கள், வெறும் வயிற்றில் துலக்கும்போது தொந்தரவு அதிகம் என்றால் காலை உணவுக்குப் பிறகு துலக்கிப் பாருங்கள்.

நம்மூரில் ஒரு வழக்கம் இருக்கிறது. காலையில் விரலையோ நாக்கு வழிப்பானையோ அடிநாக்குவரை விட்டு, மஞ்சளாகத் தண்ணீர் வரும்வரை ஓங்கரித்து, “பித்தம் எடுக்கிறேன்” என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பித்தநீர் கல்லீரலில் சுரந்து சிறுகுடலில் கொட்டுவது, கொழுப்பைச் செரிக்க உடலுக்குத் தேவையானது. வெறும் வயிற்றில் பலமாக ஓங்கரித்தால் அது பின்னோக்கி இரைப்பைக்கு வந்து மேலே வருகிறது. உடலில் இருந்த கெட்டது எதுவும் அதோடு வெளியேறுவதில்லை. தினமும் இப்படிச் செய்தால் அமிலம் பல்லின் எனாமலை அரிக்கும். பலமான ஓங்கரிப்பில் உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடம் கிழிந்து ரத்த வாந்தி வருவதும் உண்டு. 1929இலேயே மல்லோரி, வெய்ஸ் என்ற இருவர் அந்தக் கிழிசலை விவரித்திருக்கிறார்கள். நாக்கு வழிக்க வேண்டுமென்றால் பாதி நாக்கு போதும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: யாராவது தெரியாமல் மண்ணெண்ணெய் குடித்துவிட்டால், அதுவும் குழந்தையானால், தொண்டையில் விரல் விட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியாக வரும்போது அது நுரையீரலுக்குள் போனால் அதுதான் உயிருக்கு ஆபத்து. ஆசிட் போன்றவை இரண்டாவது முறையும் உணவுக்குழாயைச் சுடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் ஒரே வழி.

பல் டாக்டரிடம் என்ன செய்யலாம்? படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைக்கச் சொல்லுங்கள், தலை சற்று முன்னால் சாய்ந்திருக்கட்டும். மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விடுங்கள். மூக்கால் மூச்சு விடும்போது மெல்லண்ணம் இறங்கி நாக்கின் பின்பகுதியோடு ஒட்டிக்கொள்வதால் வாயில் இருப்பது தொண்டைக்குள் இறங்காது. மூக்கடைப்போடு போனால் பாதி தோல்வி அங்கேயே. ஒரு காலைத் தூக்கிப் பிடித்து அது வலிக்கும்வரை கீழே விடாமல் இருப்பது, நாக்கு நுனியில் சிறிது உப்பு வைப்பது, மெல்ல ஹம் செய்வது ஆகியவை கவனத்தை வேறு பக்கம் இழுத்து உதவுகின்றன. மரத்துப்போகும் ஜெல் சிலருக்கு உதவும். வேறு சிலருக்குத் தொண்டை வீங்கியது போன்ற உணர்வைக் கொடுத்துப் பயத்தைக் கூட்டும். மாவு அச்சுக்குப் பதில் கேமராவால் அளவெடுக்கும் டிஜிட்டல் ஸ்கேனர் இருக்கும் இடமானால் அதையே கேளுங்கள்.

நீண்ட நாளைக்குப் பலன் தருவது பழக்கம்தான். பிரஷ்ஷை நாக்கில் ஓங்கரிப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் வைத்துச் சில விநாடி தேய்த்து நிறுத்துங்கள். அந்த இடம் சலித்துவிட்டால் மறுநாள் இன்னும் கொஞ்சம் பின்னால். ஓங்கரிக்கும்வரை தள்ளாதீர்கள், பயத்தோடு செய்தால் பயமே பழகும். வாள் விழுங்குகிறவர்கள் இப்படித்தான் வருடக்கணக்கில் தொண்டையைப் பழக்குகிறார்கள். 1868இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் அடால்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர் வளையாத நேரான குழாயை உணவுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்க முயன்றபோது, அவருக்குத் துணையாக நின்றது ஒரு வாள்வித்தைக்காரரின் தொண்டை. இன்றைய எண்டோஸ்கோப்பிக்கு அது ஒரு தொடக்கம். யோகப் பயிற்சியில் மூக்கில் நூலை விட்டு வாய் வழியாக எடுக்கும் சூத்திர நேதி செய்கிறவர்களுக்கும் முதல் நாள்களில் பலமாக ஓங்கரித்துப் பிறகு அடங்கிவிடுகிறது.

மாத்திரை விழுங்க முடியாமல் ஓங்கரிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளியான ஓர் ஆய்வு இரண்டு முறைகளைச் சோதித்தது. கேப்ஸ்யூல் தண்ணீரில் மிதக்கும். ஆகவே தலையை அண்ணாந்தால் அது முன்பல் பக்கம் போய் நிற்கும். தலையை முன்னால் குனிந்து விழுங்கினால் தொண்டைப் பக்கம் மிதந்து வரும். கனமான மாத்திரைக்கு, பிளாஸ்டிக் பாட்டிலின் வாயை உதட்டால் இறுக மூடி, உறிஞ்சிக்கொண்டே விழுங்குவது எளிது. இது விழுங்குவதில் கோளாறு இல்லாதவர்களுக்கு மட்டும். அப்பாவுக்கு வேண்டாம்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இதே கேள்வியோடு வருவார்கள். பிறந்த குழந்தைக்கு ஓங்கரிப்பு எழும் இடம் நாக்கின் வெகு முன்னாலேயே இருக்கிறது. முதல் வருடத்துக்குள் மெல்ல மெல்லப் பின்னால் நகர்கிறது. அதனால் கெட்டி உணவு தொடங்கும்போது குழந்தை முகம் சிவந்து, சத்தத்தோடு ஓங்கரிப்பது இயல்பு. சத்தமே இல்லாமல், அழவும் முடியாமல், உதடு நீலமானால்தான் அது அடைப்பு. அப்போது குப்புறக் கிடத்தி முதுகில் தட்டி உதவ வேண்டும். வாய்க்குள் விரலை விட்டுக் கண்மூடித்தனமாகத் துழாவக் கூடாது.

இப்போது அப்பா. 1995இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு பலருடைய நம்பிக்கையை மாற்றியது. எந்த நோயும் இல்லாத 140 பேரை, இளையவர்களும் முதியவர்களுமாக, தொண்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். 100க்கு 37 பேருக்கு ஓங்கரிப்பு வரவே இல்லை. முதியவர்களில் அந்த விகிதம் இன்னும் அதிகம். ஆனால் தொட்டது தெரியவில்லை என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் ஓங்கரிப்பு இல்லை என்றால், அப்பாவுக்கு அது இல்லை என்பது பக்கவாதத்தால் வந்ததா, முன்பிருந்தே அப்படியா என்று யார் சொல்ல முடியும்? இதற்கு நேர்மாறாக, ஓங்கரிப்பு நன்றாக வருகிற பக்கவாத நோயாளிக்குத் தண்ணீர் நேராக மூச்சுக்குழாய்க்குள் போவதும் நடக்கிறது. குச்சியால் தொட்டுப் பார்த்து “விழுங்கலாம்” என்றோ “விழுங்கக் கூடாது” என்றோ முடிவு செய்வதை எல்லா இடங்களிலும் நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் அந்தச் சோதனை வீணா? இல்லை. இரு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் அது முக்கியமான தகவல். இடப்பக்கம் தொட்டால் ஒன்றும் வராமல், வலப்பக்கம் தொட்டால் இரு பக்கமும் சுருங்கினால், இடது 9வது நரம்பில் உணர்வு போயிருக்கிறது. எந்தப் பக்கம் தொட்டாலும் வலது பாதி மட்டும் சுருங்கினால் கோளாறு இடது வேகஸில். “ஆ” என்று சொல்லச் சொன்னால் உள்நாக்கு நல்ல பக்கமாக இழுபடும். முகுளத்தின் பக்கவாட்டில் ரத்தம் தடைப்படும் வாலன்பர்க் வகைப் பக்கவாதத்தில் இதைக் காணலாம். குரல் கம்மி, விக்கல் வந்து, விழுங்குவதும் மிகவும் கெட்டிருக்கும். மூளைச்சாவை உறுதி செய்யும்போதும் ஓங்கரிப்பைப் பார்க்கிறார்கள். ஆனால் கண் பாப்பா, இருமல், தானாக மூச்சு விடுவது என்று மற்றச் சோதனைகளோடு சேர்த்துத்தான். நம் நாட்டின் 1994ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டப்படி குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் எல்லாவற்றையும் இரண்டாவது முறையும் செய்ய வேண்டும்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொடக்க நாள்களில் விழுங்குவதில் கோளாறு இருக்கும், பலருக்குச் சில வாரங்களில் சரியாகும். அதில் மிகவும் பயப்பட வேண்டியது சத்தமில்லாத புரையேற்றம். குரல்வளையில் உணர்வு குறைந்திருப்பதால் தண்ணீர் உள்ளே போனாலும் இருமல் வராது. பக்கத்தில் இருப்பவர் நன்றாகக் குடித்தார் என்றே நினைப்பார். இதைக் கண்டுபிடிக்க இரண்டு பரிசோதனைகள் உண்டு. பேரியம் கலந்த உணவை விழுங்க வைத்து எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்ப்பது ஒன்று; மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுத் தொண்டையை நேரில் பார்ப்பது இன்னொன்று. அதற்கு முன்பாக, படுக்கையருகே சிறிதளவில் தொடங்கித் தண்ணீர் கொடுத்து, இருமல் வருகிறதா, குடித்தபின் குரலில் ஈரம் தட்டுகிறதா என்று பயிற்சி பெற்ற ஒருவர் பார்ப்பார். நரம்பியல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம், விழுங்குதல் பரிசோதனைக்குப் பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

அதுவரை வீட்டில்: அப்பா அண்ணாந்து தண்ணீர் குடிக்கக் கூடாது. சொம்பில் வாய் படாமல் ஊற்றிக் குடிப்பது வாழ்நாள் பழக்கமாக இருந்தாலும், தலை பின்னால் சாயும்போது மூச்சுப் பாதை திறந்து தண்ணீர் வேகமாக இறங்கிவிடும். நிமிர்ந்து உட்கார வைத்து, டம்ளரிலோ ஸ்பூனிலோ கொஞ்சம் கொஞ்சமாக. படுக்க வைத்துப் புகட்டவே வேண்டாம். தண்ணீர் போல மெலிதானதும், ரசம் சாதம் போலப் பருக்கையும் நீரும் கலந்ததும் இவர்களுக்கு மிகவும் கஷ்டம். குழைத்த ஒரே பதமான உணவு எளிது. எந்தப் பதம் சரி என்பதைச் சிகிச்சையாளர் சொல்லட்டும், நீங்களாகக் கெட்டிப்படுத்தும் பொடி எதையும் கலக்க வேண்டாம். சாப்பிட்டபின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும்.

வாய் சுத்தத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 1998இல் அமெரிக்காவில் லாங்மோர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, விழுங்கும் கோளாறு மட்டும் நிமோனியாவைக் கொண்டுவரவில்லை. பிறர் கையால் ஊட்டப்படுவது, சொத்தைப் பற்கள், வாய்ப் பராமரிப்புக்குப் பிறரை நம்பியிருப்பது ஆகியவை அதோடு வலுவாகச் சேர்ந்திருந்தன. எச்சில் உள்ளே போவதை முழுக்கத் தடுக்க முடியாது. அந்த எச்சிலில் கிருமி குறைவாக இருக்கும்படி செய்ய முடியும். காலையிலும் இரவிலும் அப்பாவின் பல்லையும் நாக்கையும் துலக்கிவிடுங்கள், பொய்ப்பல் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள்.

சாப்பிட்ட பிறகு குரல் கரகரவென்று ஈரமாக ஒலித்தாலோ, சாப்பாட்டு நேரம் வழக்கத்தைவிட மிக நீண்டாலோ, எடை குறைந்துகொண்டே வந்தாலோ, இருமலே இல்லாமல் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தாலோ, “வயசுக் காய்ச்சல்” என்று பாராசிட்டமால் கொடுத்து உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய், பக்கவாதம் வந்தவர் என்பதைச் சொல்லி, நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.